நிற்காத ரோபோவும் மூணு ஹெச்பி மோட்டாரும்

"அது பாட்டுக்கு ஓடும் மாமா, நீங்க ஒன்னும் பண்ண வாணாம்."

இதைச் சொன்னதற்காக என் மச்சானை, அதாவது என் மனைவியின் தம்பியை, அறைய வேண்டும் என்று இன்றைக்கும் கை அரிக்கிறது. இதுவரை அறையவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை. அதே வார்த்தையை நானும் முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறேன். அதனால்தான் கை எழும்ப மாட்டேன் என்கிறது.

கள்ளக்குறிச்சியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். புது மோட்டார் தருவித்துக் கிணற்றில் இறக்குவதும், ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டுவதும் நான்தான். ஆட்டோ ஸ்டார்ட்டர் வந்த பிறகு என் பாடு கொண்டாட்டமாகிவிட்டது. கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், போனால் நிற்கும், மறுபடி வந்தால் மறுபடி ஓடும். "அது பாட்டுக்கு ஓடும், நீங்க வூட்ல படுங்க" என்று சொன்னாலே போதும், விவசாயி மறுபேச்சு இல்லாமல் பணத்தை எடுத்து வைப்பார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் எரிந்துவிடும். அதற்காகப் பெட்டிக்குள் ஒரு சின்னக் கருவி வைப்போம். கிணற்றில் தண்ணீர் கீழே போனால் அது பட்டென்று மோட்டாரை நிறுத்திவிடும். ட்ரிப் ஆயிடுச்சு என்பார்கள். இந்தக் கருவியைக் கண்டாலே எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு ஆகாது. மும்முனைக் கரண்ட் வருவதே கொஞ்ச நேரம். அந்த நேரத்திலும் வோல்டேஜ் லேசாக ஆடினாலே கருவி பயந்துகொண்டு நிறுத்திவிடும். நாலு நாள் பார்ப்பார்கள், ஐந்தாம் நாள் எனக்கு போன் வரும். "சும்மா சும்மா நிக்குது மிஸ்திரி, டைரக்டா போட்டு வுட்டுடு." நானும் போய் அந்தக் கருவியைத் தாண்டி ஒரு துண்டு ஒயரைக் கொடுத்துவிட்டு வருவேன். ரெண்டு நிமிஷ வேலை. ரிஷிவந்தியம் சுற்றுவட்டாரத்தில் என் கையால் டைரக்ட் போட்ட பெட்டிகள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

மச்சானுக்கு ஊர் களமருதூர். நெல் போடுகிற குடும்பம். இவன் மட்டும் சேற்றில் கால் வைக்க மாட்டான். மொபைல் கடை, ஈமு கோழி, ஏதோ ஒரு சத்து மாவு ஏஜென்சி என்று வரிசையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியில் வெளிநாட்டுப் பணத்தில் வந்து நின்றான். தீபாவளி கழிந்து என்னை ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். மேடையில் கோட்டு போட்ட ஒருவர் பேசினார். அந்தப் புழுக்கத்தில் கோட்டைக் கழற்றாமல் ஒன்றரை மணி நேரம் பேசினார் என்பதற்காகவே அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. கீழே வடை பாயசத்தோடு சாப்பாடு. நானும் சாப்பிட்டேன், அதையும் மறைப்பதற்கில்லை.

விஷயம் இதுதான். ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டுப் பணத்தை வாங்குவது. யூரோவுக்கு எதிரே டாலர், பவுண்டுக்கு எதிரே ஜப்பான்காரர்களின் யென். ஜோடி ஜோடியாக இருக்கும். விலை ஏறும் இறங்கும், நடுவில் கிடைப்பது லாபம். மனுஷன் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது, பயம் வரும், ஆசை வரும். அதனால் ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் அதுவே வாங்கும், அதுவே விற்கும். அதற்குப் பெயர் ரோபோ.

இதை வேறு எவனாவது என்னிடம் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். டாலர் எங்கே, நான் எங்கே. ஆனால் "ஆட்டோமேட்டிக்" என்ற சொல் எனக்குச் சோறு போட்ட சொல். கடைக்குத் திரும்பி வரும்போதே மனசுக்குள் பெட்டியைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எது ஆன் பண்ணுது, எது ஆஃப் பண்ணுது என்று மச்சானைக் குடைந்தேன். அவனுக்குப் பாதி தெரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெருமையில்தான் நான் விழுந்தேன். கடைத்தெருவில் இன்றைக்கு என்னைப் பற்றிப் பேசுகிறவர்கள், பேராசை, படிக்காதவன், ஏமாந்துட்டான் என்கிறார்கள். கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. நான் ஏமாறவில்லை. ஏமாறுவதற்கு ஒன்றும் தெரியாதவனாக இருக்க வேண்டும். நான் தெரிந்துதான் செய்தேன்.

கடையில் காயில் சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து மச்சான் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். திரை முழுக்கப் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள். மேலே மூலையில் சின்னதாக ஒரு வட்ட மூஞ்சி. ரோபோ ஓடினால் அது சிரிக்கும், நின்றுவிட்டால் உம்மென்று ஆகிவிடும். என் சேமிப்பில் ஒரு பங்கை, யாரோ ஒரு ஏஜென்ட் கணக்கு வழியாக அனுப்பினோம். எங்கே போகிறது என்று கேட்டதற்கு, வெளிநாட்டு கம்பெனி என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கார்த்திகை முழுக்க நன்றாக ஓடியது. நான் கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன், சட்டைப் பையில் போன் டிங் என்னும். ஒரு வியாபாரம் முடிந்தது, நூறோ இருநூறோ வந்தது என்று அர்த்தம். அந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, நான் உடம்பை வளைக்காமல் ஒரு ரூபாய் வந்தது.

மார்கழியில் ரோபோ நின்றது. அதில் ஒரு காப்பு இருந்தது. மொத்தப் பணத்தில் ஒரு பங்கு நஷ்டமானால், கையில் இருப்பதையெல்லாம் விற்றுவிட்டு நின்றுவிடும். அப்படி விற்றது. நஷ்டம். சரி என்று பார்த்தால், மறுநாளே விலை திரும்பி வந்தது. நிற்காமல் இருந்திருந்தால் லாபம். மறுபடி ஓட விட்டேன், பத்து நாள் கழித்து அதேபோல் நின்றது, மறுபடி விலை திரும்பியது. மூலையில் அந்த மூஞ்சி உம்மென்று என்னைப் பார்த்தது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. சும்மா சும்மா நிக்குதே என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் பழக்கமான எரிச்சல். ஐந்தாம் நாள் போன் பண்ணுகிற ஒவ்வொரு விவசாயியின் குரலிலும் அதைக் கேட்டிருக்கிறேன். மருந்தும் கையில் இருந்தது. செட்டிங்கைத் திறந்தேன். எந்த இடம் என்று தேடிக் கண்டுபிடித்தேன். நஷ்டமானால் நிறுத்து என்ற கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். டைரக்ட் போட்டுவிட்டேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே. விலை இறங்கினால் இன்னும் வாங்கும். மேலும் இறங்கினால் இரண்டு மடங்கு வாங்கும். அதற்கும் கீழே போனால் நாலு மடங்கு. என்றைக்காவது விலை கொஞ்சம் நிமிர்ந்தால் எல்லாவற்றையும் சேர்த்து விற்று லாபத்தில் வெளியே வந்துவிடும். நிமிராமலே போனால் என்ன ஆகும் என்று நான் மச்சானைக் கேட்கவில்லை, என்னையும் கேட்டுக்கொள்ளவில்லை. கிணற்றில் தண்ணீர் இல்லாமலே போனால் என்ன ஆகும் என்று எந்த வாடிக்கையாளருக்கும் விளக்கிச் சொல்லாதவன்தானே நான்.

தை மாதத்தில் ஓர் அம்மா வந்தார்கள். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வயது என்னைவிட ஏழெட்டு குறைவாக இருக்கும். வீட்டுக்காரர் கேரளாவில் எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார். நிலத்தைப் பார்ப்பது இந்த அம்மாதான். சாமை, மரவள்ளி எல்லாம் மழையை நம்பி. அதோடு முதல் தடவையாக அறுபது எலுமிச்சைக் கன்று நட்டிருந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கிணறு பள்ளத்தில், கன்று மேட்டில். குடத்தில் தூக்கித் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அலையாய் அலைந்து கரண்ட் சர்வீஸ் வாங்கியாகிவிட்டது. மீட்டர் பெட்டி சுவரில் தொங்குகிறது. மோட்டார் மட்டும் பாக்கி.

மலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, மரவள்ளி விற்ற பணமும் வீட்டுக்காரர் அனுப்பிய பணமுமாகச் சேர்த்து முப்பத்தைந்தாயிரத்தை என் கடை மேஜையில் வைத்தார்கள். மூணு ஹெச்பி மோட்டார், பெட்டி, பைப் எல்லாவற்றுக்கும் சேர்த்து.

"மாசி பொறக்கறதுக்குள்ள வேணும்ண்ணா. மாசி பங்குனி வெயிலுக்கு கன்னு தாங்காது."

"பத்து நாள்ல மேல கொண்ணாந்து எறக்கிடறேன்மா" என்றேன். ரசீது கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. மலைக்காரர்கள் என்னிடம் ரசீது கேட்டதே கிடையாது, அதை நான் ரொம்ப நாளாக எனக்குக் கிடைத்த மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூருக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். சரக்கு கிளம்பும்போது பணம் கட்டினால் போதும். நடுவில் பத்து நாள். மச்சான் கடையில்தான் உட்கார்ந்திருந்தான். "பத்து நாளு பணம் சும்மா இன்னாத்துக்கு மாமா பொட்டிக்குள்ள தூங்கணும்?" என்றான். நான் அவனைத் திட்டியிருக்க வேண்டும். அது என் பணம் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "பத்து நாள்ல எடுத்துடலாம் இல்ல?" என்பதுதான்.

அன்றைக்கே அந்தப் பணமும் ரோபோவுக்குள் போனது. பத்து நாளில் எடுக்க முடியவில்லை. பவுண்டு இறங்கிக்கொண்டே இருந்தது. ரோபோ வாங்கிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள், பணத்தைத் திருப்பு என்று மச்சானிடம் சொன்னேன். "இப்ப கை வெச்சா நஷ்டம் மாமா. ரெண்டு நாளு பொறுங்க, திரும்பிடும். போன தபா திரும்புச்சா இல்லியா?" திரும்பியது உண்மைதான். பொறுத்தேன். கோயம்புத்தூரில் மோட்டார் கட்டி வைத்துப் பணத்துக்குக் காத்திருந்தது. மலையிலிருந்து அந்த அம்மா போன் பண்ணினார்கள். சிக்னல் விட்டு விட்டு வரும். அவர்கள் ஏதோ மேட்டில் ஏறி நின்று பேசுவது மூச்சு வாங்குவதிலேயே தெரியும்.

"சரக்கு வந்துச்சாண்ணா?"

"கோயம்புத்தூர்ல இருந்து இன்னும் வரலம்மா. லாரி ஸ்ட்ரைக்கு."

லாரி ஸ்ட்ரைக் எதுவும் இல்லை. நாலு நாள் கழித்து மறுபடி கேட்டபோது, காயில் மாத்தறாங்களாம் என்றேன். மூன்றாம் தடவை போனை எடுக்கவே இல்லை. இந்த மூன்றையும் நினைக்கும்போது எனக்கு மச்சான்மேலோ கோட்டுக்காரர்மேலோ கோபம் வருவதில்லை. எல்லாம் என்மேல்தான் வருகிறது. மாசி பிறந்துவிட்டது, மலைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது, நான் கடையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம். ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கிணற்றில் செயின் கட்டி மோட்டாரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தோம். பையில் போன் டிங் என்றது. தொடர்ந்து இன்னொன்று. அப்புறம் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. லாபம்தான் என்று நினைத்தேன். அவ்வளவு மடையன். மேலே ஏறி வந்து பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நேரே கழித்தல் குறி. அமெரிக்காவில் அந்த நேரத்துக்கு ஏதோ ஒரு கணக்கை வெளியிட்டார்களாம், டாலர் ஏறிவிட்டதாம், பவுண்டு விழுந்துவிட்டதாம். கடைசி மடங்கு வரைக்கும் வாங்கிக் குவித்த பிறகு, தாங்குவதற்குப் பணம் இல்லை என்று கம்பெனியே எல்லாவற்றையும் விற்று முடித்துவிட்டது. என்னுடையதும் போச்சு, அந்த அம்மாவுடையதும் போச்சு.

வண்டியை விரட்டிக்கொண்டு கடைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். மீதி ஒரு டீச்செலவுக்கு ஆகும். மூலையில் அந்த மூஞ்சி மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. எல்லாம் எரிந்த பிறகும் ரோபோவுக்குத் தான் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் கணக்கு. லேப்டாப்பை எடுத்து எரிந்த மோட்டார்கள் குவித்து வைக்கும் மூலையில் வீசினேன். வீசின பிறகும் அது அணையவில்லை. ஒயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றித்தான் அணைத்தேன்.

அன்றைக்கே களமருதூருக்குப் போனேன். மச்சான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து, "வாங்க மாமா, சாப்டீங்களா?" என்றான். அந்தக் கேள்வி எனக்குள் மூட்டிய நெருப்பை இன்னும் என்னால் அணைக்க முடியவில்லை.

"இன்னாடா ஆச்சு?"

"மார்க்கெட்டுங்க மாமா. யாரு கையிலயும் இல்ல."

"நீதான அது பாட்டுக்கு ஓடும்ன?"

"ஓடுச்சே. நிறுத்தற செட்டிங்க நீங்கதான எடுத்து வுட்டீங்க? என்னாண்ட ஸ்க்ரீன்ஷாட் இருக்கு. அதோட வுட்டிருந்தா கொஞ்சமாச்சும் மிஞ்சியிருக்கும்."

உண்மை. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால் அறைந்திருப்பேன்.

"உனுக்கு எவ்ளோ போச்சு?" என்றேன்.

திரும்பத் திரும்பக் கேட்டேன். உள்ளே இருந்து அவன் பொண்டாட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசியில் முனகினான். அவன் அந்த ரோபோவில் ஒரு ரூபாயும் போடவில்லை. அவன் சேர்த்துவிட்ட ஆட்களின் ரோபோ ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் விற்கும்போதும் அவனுக்கு ஒரு சின்னப் பங்கு வரும். லாபமா நஷ்டமா என்பது கணக்கே இல்லை. ஓடினால் போதும். நிறுத்துகிற செட்டிங்கை எடுத்துவிட்டேன் என்று நான் அன்றைக்குப் பீற்றிக்கொண்டபோது, "சூப்பர் மாமா" என்று அவன் ஏன் சொன்னான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். கள்ளக்குறிச்சி எல்லைக்கு வரும்போது திட்டு நின்றுவிட்டது. நான் டைரக்ட் போட்ட பெட்டிகள் என்ன ஆகின்றன? பங்குனி சித்திரையில் கிணறு வற்றும். மோட்டார் நிற்காமல் ஓடி, காயில் கருகும். கருகின மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அந்த விவசாயி வேறு எங்கே போவார்? என்னிடம்தான் வருவார். நான் வருத்தப்பட்டு உச்சுக் கொட்டிவிட்டு, காயில் கட்டிக் கூலி வாங்குவேன். என் கடைக்கு வெயில்காலம்தான் சீசன். மச்சானுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசம் கண்டுபிடிக்கலாம் என்று வீடு வரை யோசித்தேன், கிடைக்கவில்லை. அதனால் அவன்மேல் கோபம் குறைந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

போலீசுக்குப் போகலாம் என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டேன். இந்த மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஏஜென்ட் வழியாகப் பணம் அனுப்பி டாலரும் பவுண்டும் வாங்கி விற்பதே நம் நாட்டில் அனுமதி இல்லாத வேலை, முதலில் உன்னைத்தான் கேட்பார்கள் என்றார். மண்டபத்துக்குப் போனேன். வாடகைக்கு எடுத்தவர்கள் யார் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. கோட்டுக்காரரின் நம்பர் அணைந்திருந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் நான் கேள்வி கேட்டேன், என்னைத் தூக்கிவிட்டார்கள். கோபப்படுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைக்காத கொடுமையை அப்போதுதான் அனுபவித்தேன்.

மனைவியிடம் மூன்று நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவள் கேட்டாள், "மலைக்காரம்மா எனுக்கு போன் பண்ணாங்க. நீ எடுக்க மாட்டேன்றியாம். இன்னா வெவகாரம்?" வழக்கமாக என்னை நீ என்று சொல்லமாட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியைப் பற்றியும் சொன்னேன். அவனை நான் பாத்துக்கறேன் என்று மட்டும் சொன்னாள். பிற்பாடு பார்த்தும்விட்டாள், அது வேறு கதை, அந்த வீட்டு வாசலை அவள் இன்னும் மிதிக்கவில்லை.

"கைல எவ்ளோ இருக்குது?"

"ஒன்னும் இல்ல. ஒரு மாசம் போனா பொரட்டிடுவேன்."

"ஒரு மாசத்துல கன்னு இருக்குமா?"

நான் காலண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நம்ம கெணத்து மோட்டாரு எத்தினி ஹெச்பி?"

மூணு. அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள். எங்களுக்கு ரிஷிவந்தியம் பக்கம் முக்கால் ஏக்கர். நவரை நெல், பால் பிடிக்கிற நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் பாதிக்கு மேல் பதர்தான்.

"நெல்லு போயிடும்டி" என்றேன்.

"போவட்டும். நம்மளுது தான. நம்மள நாமளே கேட்டுக்கலாம். அவங்க யாரக் கேப்பாங்க?"

எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. நியாயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது. மறுநாள் காலையில் செயின் கட்டி, என் கிணற்றில் நானே இறக்கின மோட்டாரை நானே ஏற்றினேன். பெட்டியையும் கழற்றினேன். பைப்பைச் சுருட்டினேன். வாய்க்காலில் நேற்றைய ஈரம் இருந்தது. பயிர் பச்சையாக, ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மோட்டாரை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

லோடு ஆட்டோவில் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம், நானும் டிரைவரும். வெள்ளிமலையைத் தாண்டி அந்த ஊருக்குப் போக மதியம் நெருங்கிவிட்டது. ஆட்டோ போகாத இடத்திலிருந்து மோட்டாரைக் கழியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். அந்த அம்மா பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். எங்களைப் பார்த்தும் நிற்கவில்லை. போய் கன்றுக்கு அரைக் குடமாக நாலு கன்றுக்கு ஊற்றி முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் வந்தார்கள்.

மோட்டாரைக் குனிந்து பார்த்தார்கள். பெயிண்ட் உரிந்திருந்தது. அடியில் என் கிணற்றுப் பாசி காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது புதுசு இல்லியே."

ஏற்கெனவே ஒரு பொய் தயாராக இருந்தது. வழியில் யோசித்து வைத்திருந்தேன், கம்பெனியில் தற்காலிகமாகக் கொடுத்தது என்று. சொல்ல வாய் வரவில்லை. "இது என் கெணத்து மோட்டாரும்மா. உங்க பணத்த நான் வேற ஒன்னுல போட்டுட்டேன். போயிடுச்சு. லாரி ஸ்ட்ரைக்கு எல்லாம் பொய்யி" என்றேன். டிரைவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வேற ஒன்னுலன்னா?"

ரோபோவைப் பற்றி, பவுண்டைப் பற்றி, அது தானாக வாங்கி விற்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த மேட்டில், அந்த வெயிலில், என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. அவர்கள் கையை நீட்டி நிறுத்தினார்கள்.

"எத்தினி நாளு அதுல இருந்துச்சு?"

"இருவத்திரெண்டு நாளு."

கன்றுகளைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் எண்ணினேன். பதினான்கு கன்று காய்ந்து குச்சியாகியிருந்தது. மீதியிலும் பல, இலை சுருண்டு நின்றன. அவர்கள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

"மொதல்ல தண்ணிய வுடுங்க" என்றார்கள். "திட்டறதுக்கு அப்பறம் நேரம் இருக்குது."

மோட்டாரை இறக்கினோம். பைப்பை மேடு வரை இழுத்தோம். பெட்டியைச் சுவரில் மாட்டி ஒயர் கொடுத்தேன். ஒரு திருகை மூன்று தடவை தவற விட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் வேலை செய்யும்போதே அந்த அம்மா இன்னும் நாலு நடை குடம் தூக்கினார்கள். உட்காருங்கம்மா, இப்ப வந்துடும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கரண்ட் வந்தது. மோட்டார் ஓடியது. பைப் முனை ஒரு தடவை இருமி, கலங்கலாகக் கக்கி, அப்புறம் தெளிவாகத் தண்ணீர் வந்தது. நான் பைப்பைப் பிடித்து முதல் கன்றுக்குக் காட்டினேன்.

அவர்கள் இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தார்கள். சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள். அண்ணா என்ற சொல் அதில் ஒரு தடவைகூட வரவில்லை. என்னை, என் கடையை, நான் சாப்பிட்ட சோற்றை, என் போனை, பார்க்காத அந்த ரோபோவை, எதையும் விடவில்லை. ஒரு கன்று நனைந்ததும் அடுத்த கன்றுக்கு நகர்ந்தேன், அவர்களும் திட்டிக்கொண்டே கூட நகர்ந்தார்கள். நாற்பத்தாறு கன்று. கடைசிக் கன்று வரைக்கும் நிறுத்தவில்லை.